பெரிய நிறுவனம் வாங்கிய பிறகு உங்கள் போட்டோ செயலிக்கு என்ன ஆகும்?

கேள்வி இது: "நான் காசு கொடுத்து வாங்கி, பல வருஷமாகப் பயன்படுத்தி வரும் போட்டோ எடிட்டிங் செயலியை ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனம் வாங்கிவிட்டது. எதுவும் மாறாது என்று அறிவித்திருக்கிறார்கள். நம்பித் தொடரலாமா, இல்லை இப்போதே வேறு செயலிக்கு மாறிவிடலாமா?"

இன்றைக்கே மாற வேண்டிய அவசரம் இல்லை. அதே சமயம், இந்தச் செயலி இதே விலையில் இதே வடிவில் இன்னும் ஐந்து வருஷம் இருக்கும் என்று நம்பி உங்கள் வேலையைத் திட்டமிடவும் வேண்டாம். கைமாறிய ஒரு செயலியின் ஆயுளை அதன் தரமோ, அதை விரும்புகிறவர்களின் எண்ணிக்கையோ தீர்மானிப்பதில்லை. வாங்கியவர் எதற்காக வாங்கினார், அந்தத் தேவை எவ்வளவு காலம் இருக்கும் என்பதுதான் தீர்மானிக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பழைய உதாரணங்கள்தான் நமக்குக் கிடைக்கும் உண்மையான ஆதாரம்.

முதலில் ஸ்னாப்சீட். இன்று ஆண்ட்ராய்டில் மட்டும் பத்துக் கோடிக்கு மேல் டவுன்லோட் ஆன செயலி. அக்கவுன்ட் வேண்டாம், காசு வேண்டாம், விளம்பரம் இல்லை, விலை குறைந்த போனிலும் ஓடும். அதனால்தான் நம் ஊர்ப் பையன்கள் போனிலேயே எடிட்டிங் கற்றுக்கொள்ளத் தொடங்கும் இடமாக அது இருக்கிறது. இதை உருவாக்கியது கூகுள் இல்லை. நிக் சாஃப்ட்வேர் என்று ஒரு நிறுவனம். 1995இல் ஜெர்மனியில் தொடங்கி, பிறகு அமெரிக்காவின் சான் டியேகோவைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. தொழில்முறை போட்டோகிராபர்களுக்கு அவர்கள் விற்றது ஃபோட்டோஷாப், லைட்ரூம் ஆகியவற்றோடு சேர்த்துப் பயன்படுத்தும் ப்ளகின்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு சில்வர் எஃபெக்ஸ், வண்ணத்துக்கு கலர் எஃபெக்ஸ் என்று ஒவ்வொன்றும் அந்தத் துறையில் பெயர் வாங்கியவை. மொத்தத் தொகுப்பு கிட்டத்தட்ட 500 டாலர்.

அவர்களுடைய பெரிய சொத்து யூ பாயிண்ட் என்ற தொழில்நுட்பம். படத்தில் வானத்தை மட்டும் கொஞ்சம் இருட்டாக்க வேண்டும் என்றால், அதற்கு முன்பு பிரஷ் எடுத்து, ஓரம் பார்த்து, அந்தப் பகுதியை மட்டும் பிரித்துக்காட்டும் மாஸ்க் வரைய வேண்டும். யூ பாயிண்டில் வானத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். அந்தப் புள்ளியின் நிறம், வெளிச்சம், இருக்கும் இடம் எல்லாவற்றையும் பார்த்து, அதைப் போலவே இருக்கும் பகுதியை மென்பொருளே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். 2011இல் ஐபேடுக்காக ஸ்னாப்சீட்டைக் கொண்டுவந்தபோது இதே நுட்பத்தை விரலால் தொட்டு இழுக்கும் விதமாக வைத்தார்கள். விலை 4.99 டாலர். அந்த வருஷமே ஆப்பிள் அதை ஐபேடின் சிறந்த செயலியாகத் தேர்ந்தெடுத்தது.

2012 ஏப்ரலில் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. அப்போது இன்ஸ்டாகிராமில் வேலை செய்தவர்கள் 13 பேர். கூகுளிடம் அந்த நேரத்தில் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் இருந்தது, தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதில் அதிகம் புழங்கியவர்களில் போட்டோகிராபர்கள் ஒரு பெரிய கூட்டம். அதே 2012 செப்டம்பரில் நிக் சாஃப்ட்வேரை வாங்கிவிட்டதாக கூகுள் அறிவித்தது. அறிவித்தவர் விக் குண்டோத்ரா, கூகுள் பிளஸுக்குப் பொறுப்பானவர். இந்த ஒரு விவரமே போதும், எதற்காக வாங்கினார்கள் என்பது தெரிந்துவிடும்.

அடுத்து நடந்தவற்றைத் தேதி வரிசையில் பாருங்கள். மூன்றே மாதத்தில், டிசம்பரில், ஸ்னாப்சீட் ஆண்ட்ராய்டுக்கு வந்தது, ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசமானது. எல்லாருக்கும் சந்தோஷம். 2013 மார்ச்சில், மேக்கிலும் விண்டோஸிலும் ஓடிய ஸ்னாப்சீட் நிறுத்தப்பட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் ஏற்கெனவே நிறுவியிருந்ததை ஓட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதே மாதம் 500 டாலர் ப்ளகின் தொகுப்பு 149 டாலரானது. அந்த வருஷமே கூகுள் பிளஸ் தளத்துக்குள், குரோம் உலாவியிலேயே, ஸ்னாப்சீட் கருவிகள் வந்தன. வாங்கியதன் நோக்கம் நிறைவேறியது இங்கேதான்.

2015 ஏப்ரலில் ஸ்னாப்சீட்டின் இரண்டாம் பதிப்பு வந்தது. ஒவ்வொரு திருத்தத்தையும் அடுக்காக வைத்துக்கொண்டு, பின்னால் போய் மாற்றும் வசதி அதில்தான் வந்தது. உண்மையிலேயே நல்ல வேலை. ஆனால் அடுத்த மாதமே கூகுள் போட்டோஸ் தனிச் சேவையாகப் பிறந்தது. அதற்குப் பிறகு நிறுவனத்தின் கவனம், ஆட்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். 2016 மார்ச்சில் அந்த 149 டாலர் தொகுப்பையும் இலவசமாக்கினார்கள், அந்த வருஷம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். 2017 மே மாதம், இனி அதற்கு அப்டேட் கிடையாது என்று சொன்னார்கள். ஸ்னாப்சீட் உயிரோடு இருந்தாலும், அதன் பிறகு பல வருஷம் பெரிய மாற்றம் ஏதுமில்லை. 2025 ஜூனில்தான் ஐபோனுக்குப் புதிய முகத்தோடு மூன்றாம் பதிப்பு வந்தது. கூகுள் பிளஸ்? 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது.

ஒரு செயலி இலவசமாகும்போது நாம் கைதட்டுகிறோம். என் அனுபவத்தில் அதைத்தான் முதல் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும். 500 டாலருக்கு விற்றபோது நிக் நிறுவனத்துக்கு அந்தத் தொகுப்புதான் சோறு. புதிய ஃபோட்டோஷாப் வந்தால் மறுநாளே ஓடும்படி செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் சம்பளம் கொடுக்க முடியாது. விலை பூஜ்யமானதும் அந்தக் கட்டாயம் போய்விடுகிறது. பல லட்சம் கோடி ரூபாய் வருமானம் உள்ள நிறுவனத்தில், வருமானமே இல்லாத ஒரு செயலிக்கு ஐந்து பொறியாளர்களை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வி ஒவ்வொரு வருஷத் திட்டமிடலிலும் வரும். ஒரு வருஷம் பதில் சொல்லலாம், இரண்டு வருஷம் சொல்லலாம். அப்புறம் அந்த ஐந்து பேரும் வேறு குழுவுக்குப் போயிருப்பார்கள்.

கூடவே, அதே வேலைக்குக் காசு வாங்கிப் பிழைக்கும் சின்ன நிறுவனங்களின் நிலையையும் யோசியுங்கள். 500 டாலர் பெறுமான கருவி சும்மா கிடைக்கும்போது அவர்களுடைய 100 டாலர் கருவியை யார் வாங்குவார்கள்? பெரிய நிறுவனம் தன் கருவியைப் பின்னால் கைவிடும்போது மாற்றாக இருந்திருக்க வேண்டியவர்கள் இவர்கள்தான். இலவசமாக்குவதில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தமே இதுதான்.

நிக் தொகுப்புக்கு அதிர்ஷ்டம் இருந்தது. 2017 அக்டோபரில் டிஎக்ஸ்ஓ என்ற பிரெஞ்சு நிறுவனம் அதை யூ பாயிண்டோடு சேர்த்து கூகுளிடமிருந்து வாங்கியது. லென்ஸ் குறைகளைத் திருத்தும் மென்பொருளுக்குப் பெயர் பெற்ற நிறுவனம். அடுத்த வருஷம் அவர்களே பண நெருக்கடியில் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனார்கள். அப்படியும் 2018 ஜூனில் தொகுப்பைப் புதுப்பித்து, விலை போட்டு வெளியிட்டார்கள். அன்றிலிருந்து புதிய பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. இலவசமாகக் கிடைத்ததற்குத் திரும்பக் காசா என்று பலர் கோபப்பட்டார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மென்பொருளை விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற ஒரு நிறுவனத்தின் கைக்கு வந்ததால்தான் அந்தக் கருவிகள் பிழைத்தன.

இதில் யாரும் கவனிக்காத ஒரு பக்க விளைவு உண்டு. நிக்கான் கேமராக்காரர்கள் 2006இலிருந்து பயன்படுத்திய கேப்சர் என்எக்ஸ் மென்பொருளுக்குள் இருந்ததும் இதே யூ பாயிண்ட்தான். நிக் சாஃப்ட்வேர் கூகுளுக்குப் போன பிறகு, 2014இல் நிக்கான் அந்த மென்பொருளைக் கைவிட்டு கேப்சர் என்எக்ஸ்-டி என்று வேறொன்றைக் கொடுத்தது. அதில் அந்தப் புள்ளிகள் இல்லை, சில வருஷம் கழித்துத்தான் திரும்ப வந்தன. பழையதில் எத்தனையோ ரா படங்களை (கேமரா பதிவுசெய்தபடியே இருக்கும் மூலக் கோப்புகளை) புள்ளி வைத்துத் திருத்தியவர்கள், அந்தத் திருத்தங்களைப் புதியதில் திறக்க முடியாமல் நின்றார்கள். கூகுளோடு எந்தத் தொடர்பும் இல்லாத, ஸ்னாப்சீட்டைத் தொட்டே பார்க்காதவர்கள் அவர்கள்.

படங்களைப் பகிரும் தளமான ஃப்ளிக்கருக்கு நேர்ந்ததும் இதே ரகம். உலாவியிலேயே படத்தைத் திருத்தும் பிக்னிக் என்ற சேவை சியாட்டிலில் இருந்தது. 2007 கடைசியில் ஃப்ளிக்கர் அதைத் தன் தளத்துக்குள் சேர்த்துக்கொண்டது. 2010 மார்ச்சில் பிக்னிக்கை கூகுள் வாங்கியது. 2012 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்து, ஏப்ரலில் மூடியது. கருவிகள் கூகுள் பிளஸுக்குள் போயின. ஃப்ளிக்கர் ஏவியரி என்ற வேறு சேவைக்கு மாறியது. 2014இல் ஏவியரியை அடோபி வாங்கியது, 2018இல் அதுவும் நின்றது. ஒரு செயலியை நீங்கள் நேரடியாகப் பயன்படுத்தாவிட்டாலும், நீங்கள் பயன்படுத்தும் இன்னொன்றுக்குள் அது இருக்கலாம்.

பிக்னிக் விஷயத்தில் பாராட்ட வேண்டியதும் உண்டு. மூன்று மாத அவகாசம் கொடுத்தார்கள், படங்களை மொத்தமாக எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள், சந்தா கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பினார்கள். அதை உருவாக்கியவர்களில் சிலர் வெளியே வந்து, அதே 2012இல் பிக்மங்கி என்று கிட்டத்தட்ட அதே சேவையை மறுபடி கட்டினார்கள். பிக்னிக்கின் தலைவராக இருந்த ஜோனதன் ஸ்பொசாட்டோவும் அதில் இருந்தார். உங்கள் செயலி மூடப்பட்டால், அதைச் செய்தவர்கள் இரண்டு மூன்று வருஷம் கழித்து எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். வாங்கும் ஒப்பந்தங்களில் முக்கியமானவர்களுக்கான பணத்தின் ஒரு பகுதியை, அவர்கள் சில வருஷம் தங்கினால்தான் என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். அந்தக் காலம் முடியும்போது நல்ல ஆட்கள் கிளம்புவார்கள்.

சரி, எதுவும் மாறாது என்ற அறிவிப்பு பொய்யா? பெரும்பாலும் இல்லை. எழுதுகிற நிறுவனர்கள் மனதார நம்பித்தான் எழுதுகிறார்கள். ஆனால் கையெழுத்துப் போட்ட நாளோடு முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. 2024 நவம்பரில், லிதுவேனியாவின் வில்னியஸில் இருக்கும் பிக்சல்மேட்டர் என்ற போட்டோ எடிட்டிங் நிறுவனம் ஆப்பிளிடம் சேரப்போவதாக அறிவித்தபோது, தங்கள் செயலிகளில் அந்த நேரத்தில் பெரிய மாற்றம் எதுவும் இருக்காது என்றே சொன்னது. சொன்னபடியே கொஞ்ச காலம் இருந்தது. 2026 ஜனவரியில் பிக்சல்மேட்டர் ப்ரோ, மாதம் 12.99 டாலர் சந்தாவில் ஃபைனல் கட் (வீடியோ), லாஜிக் (இசை) போன்ற ஆப்பிளின் செயலிகளோடு ஒரே கட்டுக்குள் வந்தது. ஐபேடுக்கும் வந்தது. மேக்கில் ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் வழியையும் வைத்திருக்கிறார்கள். இது ஸ்னாப்சீட்டைவிட நல்ல முடிவு என்பேன். ஆப்பிளுக்கு அந்தச் செயலியே வேண்டியிருந்தது, தன் வரிசையில் ஃபோட்டோஷாப்புக்கு எதிராக நிற்க ஒரு கருவி இல்லாததால். இப்படிக் காலி இடத்தை நிரப்ப வாங்கிய செயலி நீண்ட நாள் இருக்கும், விலையும் விற்கும் முறையும் மட்டும் வாங்கியவரின் வழக்கத்துக்கு மாறிவிடும். டிசைன் தளமான கேன்வா 2024 மார்ச்சில் வாங்கிய அஃபினிட்டி என்ற எடிட்டிங் மென்பொருளும் அப்படித்தான். 2025 அக்டோபரில் முழுக்க இலவசமானது, கேன்வா கணக்கு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். மேலே நான் சொன்ன காரணத்தால் இதையும் கொஞ்சம் கவலையோடுதான் பார்க்கிறேன்.

ஆகவே உங்கள் செயலி விஷயத்தில் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, வாங்கிய நிறுவனத்தில் எந்தப் பிரிவின் தலைவர் அதை அறிவித்தார் என்பது. மென்பொருள் விற்கும் பிரிவா, சமூக வலைத்தளமா, செயற்கை நுண்ணறிவு ஆய்வுக் குழுவா? அடுத்து, வாங்கியவரிடம் அதே வேலையைச் செய்யும் சொந்தச் செயலி ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இரண்டில் ஒன்று போகும், போவது பெரும்பாலும் வந்து சேர்ந்ததுதான். கணினியில் படங்களை அடுக்கி வைத்துத் திருத்தும் பிகாசாவை கூகுள் 2004இல் வாங்கி, பன்னிரண்டு வருஷம் நன்றாகவே வைத்திருந்தது. கூகுள் போட்டோஸ் வந்த மறு வருஷம், 2016 மார்ச்சில், கணினியில் ஓடும் பிகாசாவுக்கு ஆதரவை நிறுத்திவிட்டது.

பிகாசாவிலிருந்து தெரிந்துகொள்ள இன்னொன்றும் இருக்கிறது. விண்டோஸில் பழைய பிகாசாவை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மேக்கில் முடியாது. 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளம், 32 பிட் என்ற பழைய முறையில் எழுதிய செயலிகளையெல்லாம் ஓட விடாமல் செய்துவிட்டது, மேக் பிகாசா 32 பிட்டில் எழுதப்பட்டது. கைவிடப்பட்ட செயலி தானாகக் கெட்டுப்போவதில்லை. சுற்றியிருக்கும் இயங்குதளம் மாறுகிறது, புதிய கேமராவின் ரா கோப்பு வருகிறது, அதற்கு ஈடுகொடுத்து எழுத ஆள் இல்லை. அதனால் கடைசி அப்டேட் எப்போது வந்தது, அதில் புதிய வசதி இருந்ததா, இல்லை சில பிழைத் திருத்தங்கள் மட்டும்தானா என்று அவ்வப்போது பாருங்கள். ஒன்றரை வருஷம் வெறும் பிழைத் திருத்தமாகவே போனால் குழு கலைந்துவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இப்போது உங்கள் படங்கள். செயலி போனால் இன்னொன்று கிடைக்கும், பத்து வருஷ எடிட்டிங் திரும்பக் கிடைக்காது. இன்றைய செயலிகள் பெரும்பாலும் மூலப் படத்தைத் தொடுவதில்லை. வெளிச்சம் இவ்வளவு கூட்டு, இந்த ஓரத்தை வெட்டு என்று குறிப்புகளாக எழுதி வைத்துக்கொள்கின்றன. சமையல் குறிப்பு இருந்தாலும், சமைக்கத் தெரிந்தவர் போய்விட்டால் சாப்பாடு வராது, அதே கதைதான் இங்கேயும். அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தது அந்தச் செயலி மட்டுமே. பிகாசா ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஐஎன்ஐ என்ற ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் எழுதி வைத்தது. நிக்கானின் பழைய மென்பொருள் ரா கோப்புக்குள்ளேயே எழுதியது. வேறு சில செயலிகள் தங்களுக்கென்று தனிக் கோப்பு வகையே வைத்திருக்கின்றன.

எனவே முடித்த படங்களை இப்போதே வெளியே எடுத்து வையுங்கள். சாதாரணப் படங்களுக்கு உயர்தர ஜேபெக் போதும். கண்காட்சி, அச்சு, வாடிக்கையாளர் வேலை என்றால், தரம் குறையாமல் சேமிக்கும் 16 பிட் டிஃப் கோப்பு. லேயர் உள்ளவற்றை பிஎஸ்டியாக (ஃபோட்டோஷாப்பின் கோப்பு வகை) ஏற்றுமதி செய்ய முடிந்தால் செய்யுங்கள், பல மென்பொருள்கள் அதைத் திறக்கும். மூல ரா கோப்புகளை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள். நட்சத்திர மதிப்பீடு, குறிச்சொல், முகத்துக்குக் கொடுத்த பெயர் ஆகியவற்றை எக்ஸ்எம்பியாக (பல மென்பொருள்கள் படிக்கக்கூடிய பொதுவான குறிப்பு வடிவம்) படத்தோடு எழுதும் அமைப்பு இருந்தால் அதை முதலில் இயக்குங்கள். ஆட்களின் பெயர்களை மறுபடி உட்கார்ந்து அடிப்பதுதான் இருப்பதிலேயே கொடுமையான வேலை. எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்ய நேரமில்லை என்றால் குடும்பப் படங்களையும், காசு வாங்கிச் செய்த வேலையையும் மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

படங்கள் போனிலேயே திருத்தப்படுகின்றனவா, நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றனவா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். போனிலேயே என்றால் உரிமையாளர் மாறினாலும் படத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. சர்வரில் என்றால், நிறுவனம் கைமாறும்போது பயனர் தரவும் கைமாறலாம் என்று தனியுரிமைக் கொள்கையில் அநேகமாக ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். புதிய விதிமுறைகளுக்குச் சம்மதம் கேட்டு ஒரு மின்னஞ்சல் வரும், அதைப் படிக்காமல் அழுத்தாதீர்கள். 2012 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த புதிய விதிகள், பயனர்களின் படங்களை விளம்பரத்தோடு சேர்த்துப் பயன்படுத்த இடம் கொடுப்பதாக இருந்தன. சில நாட்களிலேயே பின்வாங்க வேண்டியதாயிற்று. படித்துப் பார்த்துச் சத்தம் போட்டவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது.

கடைசியாகப் பணம். வருஷச் சந்தா கட்டுகிறீர்கள் என்றால், அடுத்த முறை மாதச் சந்தாவுக்கு மாறுங்கள். கொஞ்சம் அதிகம் ஆகும், ஆனால் எந்த மாதமும் விட்டுவிடலாம். கூகுள் இரண்டு முறை பணத்தைத் திருப்பித் தந்ததைச் சொன்னேன், எல்லாரும் அப்படித் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் என்றால், இன்ஸ்டாலர் கோப்பையும் லைசென்ஸ் எண்ணையும் பணம் கட்டிய ரசீதையும் கணினிக்கு வெளியே ஒரு டிரைவில் போட்டு வையுங்கள். ஆப் ஸ்டோரில் வாங்கியிருந்தால் இன்ஸ்டாலர் உங்கள் கையில் இருக்காது. அப்படியானால் இப்போது ஓடும் பதிப்பை எந்தக் கருவியிலிருந்தும் நீக்காதீர்கள், தானாக அப்டேட் ஆவதையும் நிறுத்தி வையுங்கள்.